நாற்பத்தேழாம் நிமிடம்

நாற்பத்தேழாம் நிமிடத்தில் அவர் சொல்கிறார்:
"அன்றைக்கு ராத்திரி என் தம்பி..."
உடனே என் குரல்:
"குளிர்கிறதா, ஜன்னலைச் சாத்தட்டுமா?"
"சாத்து" என்கிறார்.
நாற்காலி நகர்கிறது. கொக்கி விழுகிறது.
பிறகு நாங்கள்
துருத்திக்குத் தோல் எங்கே மலிவு என்று பேசுகிறோம்.

மொன்டெவிடியோவில் அது ஜூலை.
ஆறு தன்னைக் கடலென்று நினைத்துக்கொண்டு
சுவரில் வந்து மோதும் மாதம்.
அன்செல்மோ இரிகோஷென்,
வயது எழுபத்தொன்று, பண்டோனியன் கலைஞர்,
இடையில் பதினொரு வருஷம்
ஒரு ஸ்வரமும் எழுதாதவர்.
ஏன் என்று கேட்கத்தான் போனேன்.
மூன்று பிற்பகல், ஒன்பது மணி நேரம்.

எழுதுகிறவர்களைப் பேட்டி காண்பது சுலபம்.
தங்கள் துயரத்தை
நாலு தடவையாவது திருத்தி வைத்திருப்பார்கள்.
நாவலாசிரியை எட்டெல்வினா
அப்பா செத்த கதையைச் சொன்னபோது
முற்றுப்புள்ளிகள்கூடக் காதில் விழுந்தன.
நடுவில் நிறுத்தி,
"இந்த வாக்கியம் நொண்டுகிறது, அழித்துவிடு,
வேறு மாதிரி சொல்கிறேன்" என்றாள்.
சொன்னாள். அது நன்றாகவே இருந்தது.

அன்செல்மோ அப்படியில்லை.
கேள்வி விழுந்ததும் எழுந்துபோய்
மாத்தே குவளையில் வெந்நீர் ஊற்றுவார்.
கசப்பு என் பக்கம் வரும், திரும்பிப் போகும்,
கேள்வி மேஜைமேல் ஆறிக் கிடக்கும்.

முதல் நாள் முழுக்க ஃபிரிட்ஜ் கதை.
அந்தப் பதினொரு வருஷமும்
லா தெஹாவில் ஃபிரிட்ஜ் பழுது பார்த்தாராம்.
"எல்லா கம்ப்ரஸரும் ஒரே சுருதியில் முனகாது.
ஆறாம் மாடியில் ஒரு விதவை.
அவள் பெட்டி மட்டும் ஒரு மயிரிழை கீழே.
அதைத் தொடாமலே
காசு வாங்கிக்கொண்டு வந்தேன்."

இரண்டாம் நாள் ஒரு பொத்தானைக் காட்டினார்.
"இழுத்தால் ஒரு ஸ்வரம்,
அழுத்தினால் வேறொரு ஸ்வரம்.
விரல் அதே இடத்தில்தான்.
புதிதாய்க் கற்கிறவன்
கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அழுவான்."
தலைப்பு கிடைத்துவிட்டது என்று
மனதுக்குள் கைதட்டிக்கொண்டேன்.
அது தப்பு. தலைப்பு கிடைத்தவளுக்குக்
காது பாதி அடைத்துவிடுகிறது.

மூன்றாம் நாள், நாற்பத்தேழாம் நிமிடம்.

அவர் கை நடுங்கியது,
அதனால்தான் ஜன்னல் என்று
எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன்.
பயமா என்றால், இருக்கலாம்.
இருபது வருஷமாய் அடுத்தவர் வாயைப் பிடுங்கிப்
பிழைப்பவள் நான்.
ஒரு வாய் தானாகத் திறந்தபோது
எழுந்து ஜன்னலுக்குப் போயிருக்கிறேன்.

வியாழக்கிழமை மழையில் பஸ் பிடித்துத் திரும்பப் போனேன்.
"தம்பியா?
எனக்குத் தம்பியே கிடையாது, நில்டா.
இரண்டு அக்காக்கள்."
பதிவைப் போட்டுக் காட்டினேன்.
தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அந்தக் கொக்கி! கேட்டாயா?
விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கிறது.
மறுபடி போடு."

போட்டேன். தம்பி, ஜன்னல், கொக்கி.
தம்பி, ஜன்னல், கொக்கி.
ஐந்தாம் தடவை
முழங்கால்மேல் துணியை விரித்து
பண்டோனியனை எடுத்து வைத்துக்கொண்டார்.
இழுத்தார், அது இல்லை.
அழுத்தினார், அதுவும் இல்லை.
"ரெண்டுக்கும் நடுவிலே எங்கேயோ" என்று முணுமுணுத்தார்.
பிறகு வெந்நீர் வைக்கப் போய்விட்டார்.
அடுப்படியிலிருந்து
திரும்பி வர வெகு நேரமாயிற்று.

பேட்டி நாலாயிரம் சொற்களில் அச்சாகியது.
ஃபிரிட்ஜ் இருந்தது, பொத்தான் இருந்தது.
விதவையின் பெட்டியைப் பாராட்டிப்
பன்னிரண்டு பேர் எழுதினார்கள்.
ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்விக்குக் கீழே
"அந்த வருஷங்களில் நிறையப் பெட்டிகள் பழுதாயின"
என்று இருக்கிறது.
எட்டெல்வினா போன் செய்து,
"அந்தப் பதில் பிரமாதம், நீ எழுதியதா?" என்றாள்.

என் வீட்டு ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது,
தாழ்ப்பாள்தான்.
நேற்று ராத்திரி
திறந்து திறந்து சாத்திப் பார்த்தேன்.
சத்தம் வேறு.